கூட்டியிருக்க வேண்டிய பதினொரு நிமிடம்

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். நீ ஓசூரிலிருந்து கூப்பிட்டதும் "சாப்ட்டீங்களாப்பா, மாத்திர போட்டீங்களா" என்று ஆரம்பிக்கிறாய். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் தைரியம் போய்விடுகிறது. அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் என் மேசைமேல்தான் கிடக்கிறது. அதில் ஒன்றை யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால் நீ ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றி வளைக்கவில்லை. உன் ஜாதகம் தப்பு. உனக்குச் செவ்வாய் தோஷம் கிடையாது. நீ பிறந்த நேரத்தை நான் தப்பாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அது தப்பு என்று எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும்.

இந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறியத் தோன்றினால் எறி. ஆனால் அப்புறம் எடுத்துப் படி. ஏனென்றால் இப்போது நடக்கவிருக்கிற கல்யாணமே அந்தத் தப்பின் மேல்தான் நிற்கிறது. சுகன்யாவுக்கும் செவ்வாய் தோஷம். அதே தோஷம் உள்ள பையன்தான் வேண்டும் என்று அவள் அப்பா ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். பவானியிலிருந்து நம் வீட்டுப் படியேறி வந்தது உன் ஜாதகத்தைப் பார்த்துத்தான், உன்னைப் பார்த்து அல்ல. அது பொய் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகலாம். தெரியாமலே நடந்தால், நீ ஒரு பொய்யை நம்பித் தாலி கட்டியவன் ஆவாய். இரண்டில் எது நடந்தாலும் காரணம் நான் ஒருவன்தான்.

உன் அப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்கே தெரியும், ஆனாலும் என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள். மில்லில் எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் பார்த்தவன். ஷிஃப்டு முடிந்து கணபதியில் நம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குள் புகுந்துகொள்வேன். என் கூட்டாளிகள் ரேடியோ செய்தார்கள், ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள், அதில் பாட்டாவது கேட்டது. எனக்குப் பிடித்தது நேரம் ஒன்றுதான். கடிகாரத்துக்குள் இருக்கிற ஒரு கிரிஸ்டல் நொடிக்கு ஒரு கோடித் தடவை அதிர வேண்டும் என்றால், அது சரியாக ஒரு கோடிதானா, ஒன்று கூடவா, ஒன்று குறைவா என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு வெறி. மூடிப்போன செல்போன் டவரிலிருந்து கழற்றிய ருபீடியம் கடிகாரம் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவன் நான். உன்னை அப்படி மடியில் வைத்துக்கொண்டு வந்த ஞாபகம் எனக்கு இல்லை. மொட்டைமாடியில் உங்கம்மா வடகம் காயவைக்கிற இடத்தில்தான் செயற்கைக்கோளிலிருந்து நேரம் பிடிக்கிற ஜிபிஎஸ் ஆன்டெனாவை நட்டேன். மில்லில் எனக்கு 'செகண்டு' என்று பேர். உன் மாமன் அதையும் விடவில்லை. விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் "ஏனுங் மச்சான், இப்ப மணி என்னங்க, புள்ளிக்கு அப்பறம் எத்தன இருக்குதோ அத்தனையும் சொல்லுங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

நீ பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சூடு மாறினால் கிரிஸ்டல் மாறும். அரை டிகிரி போதும், எல்லாம் போச்சு. அந்தப் பங்குனி மாதம் நான் மூன்று நாள் விடாமல் ஒரு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே கொஞ்சம் குளுமையான அறை அந்தப் பின்னறைதான். நீ படிக்க வந்து ஃபேன் போட்டாய். நான் எழுந்துவந்து ஸ்விட்சை அணைத்தேன். நீ புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாய், அங்கே கொசுக்கடியில் படித்தாய். உங்கம்மா மட்டும் கதவருகே வந்து நின்று, "அந்தப் பொட்டிக்கு வேர்க்கும்னு பாக்கறீங்க, பையனுக்கு வேர்க்கறது தெரீலீங்களா?" என்று கேட்டாள். நான் கையை உதறிக் காட்டினேன், பேசாதே என்று. பேசினால்கூடச் சூடு ஏறிவிடும் என்பதுபோல. அந்த மூன்று நாள் அளவு பிறகு எதற்கும் உதவவில்லை. நடுவில் கரண்ட் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்கிறேன். இத்தனை துல்லியமாக மணி தெரிந்த நான் உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒருதரம்கூட நேரத்துக்கு வந்ததில்லை. நீ மேடையில் பரிசு வாங்கிய அன்று சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நொடி தாமதம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ பிறந்தது டவுனில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில், ஆவணி மாதம், சாயங்காலம் ஆகிற நேரம். அன்று காலையில்தான் ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' சத்தத்தை வைத்து என் கைக்கடிகாரத்தைச் சரிசெய்திருந்தேன். அதை நானே திறந்து, உள்ளே திருகி, மாதத்துக்கு ஒரு நொடிக்கு மேல் முன்னே பின்னே போகாமல் பண்ணிவைத்திருந்த கடிகாரம். பிரசவ அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நர்ஸம்மா உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "பையனுங்க. நாலு அஞ்சுக்குப் பொறந்தான்" என்று சொல்லி உன்னை என்னிடம் நீட்டினார்கள். நான் கையை நீட்டவில்லை. "எந்தக் கடிகாரத்துலங்க நாலு அஞ்சு?" என்று கேட்டேன். அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே சுவரைக் காட்டினார்கள். திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் நாலு இருபத்திரண்டு. என் கையில் நாலு முப்பத்துமூன்று. பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து இரண்டையும் எழுதினேன், பக்கத்தில் 'மைனஸ் பதினொன்று' என்றும் எழுதினேன். அதற்குப் பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். உன்னை வாங்கிக்கொண்டது உன் அம்மாவைப் பெற்றவர், நான் அல்ல. இதை உங்கம்மா கடைசிவரை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போது அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு குழி இருக்கிறது. நேரத்தை அளக்கிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் அதில் விழுந்திருப்பார்கள். கடிகாரம் பதினொரு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்றால், அதன் பிழை மைனஸ் பதினொன்று. ஆனால் அதைச் சரிசெய்யக் கூட்ட வேண்டியது பிளஸ் பதினொன்று. நோட்டில் எழுதுகிறபோது பிழையை எழுதினாயா, செய்ய வேண்டிய திருத்தத்தை எழுதினாயா என்பதைச் சேர்த்து எழுதவேண்டும். எழுதாவிட்டால் பிறகு அந்த மைனஸைப் பார்க்கிறவன் எதையாவது நினைத்துக்கொள்வான். நான் எப்போதும் திருத்தத்தைத்தான் எழுதுவேன். அன்று அவசரத்தில் பிழையை எழுதிவிட்டேன். பத்து நாள் கழித்து ஜோசியரிடம் உட்கார்ந்தபோது, மைனஸ் பதினொன்று என்று இருந்ததைப் பார்த்து நாலு அஞ்சிலிருந்து பதினொன்றைக் கழித்து, மூன்று ஐம்பத்துநாலு என்று கொடுத்தேன். கூட்டியிருக்க வேண்டும். நீ பிறந்தது நாலு பதினாறுக்கு. ஜோசியருக்கு நிமிடம் சுத்தமாக நேரம் கொடுத்த முதல் ஆள் நான்தான் என்று அவரே சொன்னார். அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை.

நாலு மணிக்குத்தான் தனுசு லக்னம் முடிந்து மகரம் பிறந்திருக்கிறது. மகரத்தில் பிறந்த உன்னைப் பிடித்துத் தனுசில் தள்ளினேன். ஆறாம் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்த செவ்வாய் ஏழாம் இடத்துக்கு வந்துவிட்டது, தோஷம் என்று எழுதிவிட்டார்கள். இதில் மிகக் கேவலமானது என்ன தெரியுமா? நர்ஸம்மா சொன்ன நாலு அஞ்சை அப்படியே கொடுத்திருந்தால்கூட மகரம்தான். ஒன்றும் தெரியாத ஒரு அப்பனாக இருந்திருந்தால் உன் ஜாதகம் சரியாக இருந்திருக்கும். கடிகாரம் தெரிந்த அப்பன் வாய்த்ததால்தான் கெட்டது.

இதுவரை நடந்தது தெரியாமல் செய்த பிழை. இனிமேல் சொல்லப்போவது அப்படி அல்ல. காயத்ரியை நீ மறந்திருக்க மாட்டாய். கேட்கிற உரிமை எனக்கு இல்லை, ஆனாலும் மறந்திருக்க மாட்டாய் என்று தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அன்னூரிலிருந்து அவள் அம்மாவும் பெரியப்பாவும் சம்பந்தம் பேச வந்த அன்று நீ வீட்டில் இல்லை, வேண்டுமென்றே உன்னை வெளியே அனுப்பியிருந்தோம். அவர்களுக்கு உன்னைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெரியப்பா ஜாதகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு தயங்கித் தயங்கித்தான் பேசினார். "ஏழுல செவ்வாய்ங்க. எங்க புள்ளைக்கு அது இல்லீங்க. ஆனா எங்க ஜோசியரு ஒண்ணு சொன்னாருங்க. நேரம் லக்னம் மாறுற இடத்துல இருக்குதாம். ஒரு ஆறு நிமிஷம் பின்னால பொறந்திருந்தாக்கூட மகரம் ஆயிருமாம், தோஷமே இல்லையாமுங்க." அவள் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில அஞ்சு பத்து நிமிஷம் முன்னப்பின்ன குறிக்கறதுதானுங்களே. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க, நாங்க அதையே வெச்சுக்கறோம்" என்று கேட்டார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள், கண்ணு. நான் ஒரு "இருக்கலாமுங்க" சொல்லியிருந்தால் போதும்.

நான் சொன்னது என்ன தெரியுமா? "என் டைம்ல தப்பு இருக்காதுங்க. ஒரு நிமிஷம்கூட இருக்காது." உங்கம்மாவும் கூடச் சேர்ந்து, "அவரு செகண்டு சுத்தமாக் குறிச்சதுங்க" என்றாள், பெருமையோடு. அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள். யாரோ என் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்கிற கோபத்தில் எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை. என் பிள்ளையின் வாழ்க்கை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது என்று தோன்றவே இல்லை.

அந்த வாரமே பரணில் ஏறிப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். எதற்கென்று நினைக்கிறாய்? அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அன்னூருக்கு அனுப்பி, பாருங்கள் எவ்வளவு சுத்தமாகக் குறித்திருக்கிறேன் என்று காட்டுவதற்கு. பக்கத்தைத் திருப்பினேன். சுவர் 4.22, கை 4.33. ஒரு பார்வைதான். எந்தப் பக்கம் கூட்டியிருக்க வேண்டும் என்று மில்லில் புதிதாகச் சேர்ந்த பையன்கூடச் சொல்லிவிடுவான். பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ அப்போது கீழே உன் அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாய், உன் குரல் கேட்டது. இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, "ஒண்ணும் கெடைக்கல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

காயத்ரிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆக நாலு மாதம் ஆயிற்று. எனக்கு நாலு மாதம் இருந்தது. ஒருநாள் அவள் அம்மாவுக்குப் போன்கூடப் போட்டேன். எடுத்து, "சொல்லுங்க அண்ணா" என்றார்கள். "சும்மாதானுங்க, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு வைத்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டதற்கு என்னிடம் ஒரு அருமையான பதில் இருந்தது. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கையே கிடையாது, கட்டத்தைப் பார்த்து மனுஷனை ஒதுக்குகிற குடும்பம் உனக்கு வேண்டாம், போனது நல்லதுக்கே, என்பதுதான் அந்தப் பதில். நம்பிக்கை இல்லாதவன் எதற்காக ஜோசியரிடம் போய் நிமிடம் சுத்தமாக நேரம் சொன்னான் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. உண்மை அதைவிடச் சின்னது. நான் தப்புப் பண்ணினேன் என்று உங்கம்மா வாயால் கேட்க எனக்குப் பயம். எனக்குத் தெரிந்த ஒரே வேலையில், ஒரு குழந்தை போடக்கூடிய கணக்கில், தப்பு. அதை வெளியே சொல்வதைவிட நீ தனியாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இதைவிட நல்ல வார்த்தையில் சொல்ல முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

நீ ஒருநாள் மாடியில், ஆன்டெனாக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு, "உடுங்கப்பா, என்ற நேரம் சரியில்ல" என்று சொன்னாய். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் நீ சொன்னபோது அது அட்சரம் பிசகாத உண்மை. உன் நேரம் சரியில்லைதான், அதைச் சரியில்லாமல் ஆக்கியவன் உனக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான். "அப்படியெல்லாம் பேசாதே" என்று சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல ஆன்டெனா வயரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். நீ எதிர்த்துக் கேட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம் என்று பல தடவை உன்மேல் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். பார், கடைசியில் உன்மேலேயே ஒரு குறை கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

உங்கம்மாவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அன்னூர் சம்பந்தம் கைவிட்டுப் போன பிறகுதான் அவள் செவ்வாய்க்கிழமை விரதம் ஆரம்பித்தாள். உன் தோஷம் விலக வேண்டும் என்று ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. கோயிலுக்குத் துவரம்பருப்பும் சிவப்புத் துணியும் கொடுப்பாள். ஆறு வருஷம், ஒரு வாரம் விட்டதில்லை. அவள் சர்க்கரை நோயாளி என்பது உனக்கும் தெரியும். நான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் போட்ட சாப்பாட்டை அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் நம்பிக்கைப்படியே பார்த்தாலும் இல்லாத ஒரு தோஷத்துக்கு அவள் பட்டினி கிடக்கிறாள் என்று தெரிந்துகொண்டே சாப்பிட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் செவ்வாய்க்கிழமை இட்லியை ஒதுக்கி வைத்தாள். "சாப்பிடு, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, எனக்கு எம்பையன் இருக்கறான்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவளிடம் சொல்ல இனி வழியில்லை, அது எனக்குக் கிடைத்த தண்டனை என்றுகூட என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தண்டனை அனுபவித்தது அவள்.

இதற்கு நடுவில், என்னைப்போல நேரம் அளக்கிற ஏழு பேர் சேர்ந்த வாட்ஸப் குழுவில் நான்தான் வாத்தியார். புதிதாக வருகிறவன் யாராவது ஒரு அளவைப் போட்டால், "எதிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்று எழுதுங்கள், அது இல்லாத எண்ணை நான் பார்க்க மாட்டேன்" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்வேன். எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற படத்தைப் போடுவார்கள். ஒன்பது வருஷமாக அப்படித்தான். அந்த ருபீடியம் இப்போதும் பின்னறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டேன் என்று எழுதி உன்னிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்க மாட்டேன். அது ஒன்றும் பண்ணவில்லை, பாவம். அதற்குக் கொடுத்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

போன மாதம் நிச்சயத்தன்று சுகன்யாவின் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த ஜாதகம் கெடைச்சது நாங்க செஞ்ச புண்ணியமுங்க சம்பந்தி" என்று கண் கலங்கினார். நீ பக்கத்தில்தான் நின்றாய், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். வெகுநாளைக்குப் பிறகு உன்னை அப்படிப் பார்த்தேன். நீயும் அவளும் போனில் பேசிக்கொள்கிறீர்கள், அவள் பேச்சு உனக்குப் பிடித்திருக்கிறது என்று உன் குரலிலேயே தெரிகிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் ஒரு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மனுஷன் பிடித்த பிடி என் கையை விட்டுப் போகவில்லை. என்னுடைய தப்பை அவர் புண்ணியம் என்கிறார். இதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொன்னேனே, அது பொய். பவானிக்குப் போனேன். சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். சம்பந்தியைத் தனியாக உட்காரவைத்து, நோட்டை விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தில் இருந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்க பையனுக்குத் தோஷம் இல்லீன்னா எம்புள்ளையக் கட்டறது அவரு உசுருக்கே ஆகாதுன்னுதானுங்க சாஸ்திரம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அடுத்து அவரே குரலைத் தாழ்த்தி, "முப்பத்துமூணு வயசாச்சுங்க அதுக்கு. பத்திரிக்க அடிச்சாச்சு. நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கலீன்னு வெச்சுக்கலாமுங்க" என்றார். நம்பாத நான் மறைத்தேன், முழுசாக நம்புகிற அவரும் மறைக்கத் தயார். நல்ல சம்பந்திகள்தான் நாங்கள். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. பாரத்தை இறக்கிவைத்தாயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை, ஊருக்குப் போகலாம் என்று நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

அப்போதுதான் சுகன்யா உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் ஈரோட்டில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும், அவளுக்கும் அளவு என்றால் என்ன என்று தெரியும். அவள் நோட்டைக் கேட்கவில்லை, லக்னம் பற்றியும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஏனுங் மாமா, இது அவருக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லீங்க அம்மிணி" என்றேன்.

"அப்பறம் ஏனுங்க மொதல்ல இங்க வந்தீங்க?"

அவள் அப்பா, "நீ உள்ள போ சாமி, பெரியவங்க பேசிக்கறோம்" என்றார். அவள் போகவில்லை. "எங்க லேப்ல ரிப்போர்ட் தப்பாப் போயிருச்சுன்னா மொதல்ல அந்த ஆளுக்குத்தானுங்க போன் பண்ணுவோம். டாக்டருக்குக்கூட அப்பறந்தான். இது அவரு ரிப்போர்ட்டுங்க. நானும் எங்கப்பாவும் நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, அவரு ஒருத்தரு மட்டும் தெரியாம வந்து மணவறையில உக்காருவாருங்களா? அப்படி எனக்கு வேண்டாமுங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, "தெரிஞ்சுட்டு அவரு வேண்டாம்னு சொன்னா எனக்குச் சங்கடமாத்தான் இருக்கும். சொல்லட்டும். தெரிஞ்சுட்டு வாரேன்னாலும் சொல்லட்டும். எதுன்னாலும் அவரே எங்கிட்டச் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பஸ் ஏறினேன்.

ஒன்பது வருஷத்தில் நான் எல்லோரையும் நினைத்துப் பயந்திருக்கிறேன். உங்கம்மா என்ன நினைப்பாள், அன்னூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள், குழுவில் என்ன சொல்வார்கள், கடைசியில் சம்பந்தி என்ன சொல்வார். உனக்குத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உன்னைப் பத்து தடவைகூட நேரில் பார்த்திராத ஒரு பெண் எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லிவிடுகிறேனே, உனக்கு அப்படி ஒருத்தி வாய்த்திருக்கிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு எனக்கு யோக்கியதை கிடையாது.

உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். என்றாவது உனக்கு ஒரு குழந்தை பிறந்து, நர்ஸ் கொண்டுவந்து நீட்டினால், கையை நீட்டி வாங்கிக்கொள். மணியை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை இங்கே எழுதி அடித்துவிட்டேன். அது நீ கொடுத்தால் கொடுப்பது, நான் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், அது உன்னுடையது. நாலு பதினாறு. நர்ஸம்மா நிமிடம்தான் பார்த்தார்கள், நொடி பார்க்கவில்லை, அதனால் ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இதைப் படித்து முடித்ததும் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டத் தோன்றும். வேண்டாம் என்று சொல்லவில்லை, எத்தனை நாளானாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ கூப்பிடுகிறபோதெல்லாம் சுகன்யா போனை எடுப்பதில்லை என்று சொன்னாய் அல்லவா, அது கோபம் இல்லை. உனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு உன்னிடம் பேச அவளுக்கு மனசு வரவில்லை. அவளிடம் முதலில் பேசு. என்னிடம் அப்புறம்.

அப்பா